கன்னத்தில் இல்லாத மச்சம்

நான் செக்கிங்காரி. பனியன் கம்பெனியில் இருபது வருடமாக மேசை முன்னால் நின்றுகொண்டு, அடுத்தவர் தைத்ததிலும் அடுத்தவர் அச்சடித்ததிலும் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். திருப்பூர்ப் பக்கம் அருள்புரத்தில் எங்கள் கம்பெனி டெய்லர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "அந்தக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் போவாதுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வார்கள். கேட்டால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் அதே புத்திதான். துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் ஒரு புள்ளி இருந்தால் போதும், மறுபடி ஊறப்போட்டுவிடுவேன். "ஏம்புள்ள, இது ஊடா கம்பெனியா?" என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொள்வார். அவர் நிட்டிங் மெஷினில் வேலை பார்க்கிறவர், நாளெல்லாம் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் அவருக்குப் பேச்சே வேண்டாம். பேச்சையெல்லாம் நானே பேசிவிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். பிறந்தபோதே இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே தொடங்கி தாடை வரைக்கும், சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு பெரிய மச்சம். நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது நான் குழந்தையின் விரல்களை எண்ணவில்லை. மூக்கு யார் ஜாடை என்று பார்க்கவில்லை. என் கண் நேராகப் போய் அந்தக் கன்னத்தில்தான் நின்றது. பெத்தவள் நான்.

என் மாமியார் பட்டென்று சொல்லிவிட்டார். "கிரகணத்தன்னிக்கு ஊட்டோட கெடன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா நீ?" சொன்னார்தான். நான்தான் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தின்போது வெளியே போகக் கூடாது, உடம்பில் எங்கே கையை வைக்கிறாளோ அங்கே பிள்ளைக்கு மச்சம் விழும் என்பார்கள். அன்றைக்கு ஷிப்மெண்ட். போகாவிட்டால் ஆகாது. பஞ்சு பறந்து பறந்து கன்னத்தில் ஒட்ட, நாள் முழுக்கப் புறங்கையால் இடது கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் படித்தவள், பத்தாவது பாஸ், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? இடது கன்னத்தைத் தேய்த்தது இந்தக் கைதானே என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

அவள் ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தபோது எல்லோருக்கும் மாஸ்க் வந்தது. ஊரே மூச்சு முட்டுகிறது என்று புலம்பியது, என் மகள் மட்டும் சந்தோஷமாக இருந்தாள். வகுப்பில் எல்லா முகமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள், அவள் கழற்றவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. நானும் கழற்று என்று சொல்லவில்லை. கம்பெனியில் மிஞ்சும் கட்பீஸ் துணியில் பூப்போட்டது, கோடு போட்டது என்று வகைவகையாகத் தைத்துக் கொடுத்தேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகம் வந்தது அவள் ஆறாவது போன வருடம். திருப்பூரில் புத்தகக் கண்காட்சி போட்டிருந்தார்கள். நான் அங்கே போனது மிளகாய் பஜ்ஜிக்காக, மறைப்பானேன். அவள் ஒரு கடையில் நின்றவள் நின்றவள்தான். கூப்பிட்டால் வரவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கையில் ஒரு தடிப் புத்தகம். அட்டையில் ஒரு சின்னப் பெண் பக்கவாட்டில் நிற்கிறாள், தலைக்கு மேலே பெரிய பறவை ஒன்று பறக்கிறது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் கண்ணில் இருந்து தாடை வரைக்கும் கறுப்பு மசியில் ஒரு மச்சம்.

வேறு ஏதோ நாட்டில் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய மாயக்கதை, தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். என் மகள் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதனால் நான் படிக்க அவள் கேட்பது என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாப்பிட்டு முடித்ததும், கட்டிலில் ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். நான் கீழே உட்கார்ந்து கட்டிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படிப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் சத்தம் போட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் செய்தி வாசிக்கிற மாதிரி படித்தேன். போகப் போக ராஜாவுக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல் என்று எடுத்துவிட ஆரம்பித்தேன். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

கதை இதுதான். ஒரு ஊரில் வெள்ளம் வருகிறது. பச்சைக் குழந்தை ஒன்றை ஒரு பெரிய பறவை தண்ணீரில் இருந்து தூக்கிக் காப்பாற்றுகிறது. அலகு பட்ட இடத்தில் கன்னத்தில் மச்சம் விழுந்துவிடுகிறது. வளர்ந்த பிறகு அந்தப் பெண்ணைக் கண்டால் ஊருக்கே ஆகவில்லை. அவள் அந்தப் பறவையைத் தேடிக் கிளம்புகிறாள். வழியில் கண்ணாடி செய்கிற ஒரு கிழவி வீட்டில் தங்குகிறாள். கிழவி நல்லவள்தான். "பாவம் பிள்ளை, இந்த ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும், துடைக்கட்டுமா?" என்று கேட்கிறாள். அந்தப் பெண் விடிய விடிய யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். அத்தனை உயரத்தில் பறக்கிற பறவைக்குக் கீழே எல்லா மனிதர்களும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள், மச்சம் இல்லாவிட்டால் அது என்னை எப்படிக் கண்டுபிடிக்கும் என்கிறாள்.

அந்த அத்தியாயத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. "கண்ணாடிக்காரி ஊட்டுக்குப் போலாம்மா" என்பாள். நானும் பக்கத்தைத் திருப்புவேன். ஒவ்வொரு தடவையும், துடைக்கட்டுமா என்று கிழவி கேட்கும் இடத்தில் மகள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எனக்குக் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மாஸ்க் இல்லாமல் வாசலில் இறங்கினாள். நான் டிபன் பாக்ஸைத் திணித்துக்கொண்டே, "மாஸ்க்க மறந்துட்டியே கண்ணு" என்றேன்.

"வேண்டாம்மா. மாஸ்க் போட்டா மேல இருந்து தெரியாதுல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவள் என்னங்கக்கா என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். ஜன்னலை இழுத்துச் சாத்தினாள் அந்த மகராசி.

அதற்கப்புறம் மூன்று பெண்கள் அவளுக்குச் சிநேகிதிகள் ஆனார்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்வதாகச் சொன்னாள். எனக்கு அதுவே திருவிழா மாதிரி இருந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள், எங்கள் மெர்ச்சன்டைசர் தம்பி செக்கிங் பக்கம் வந்தார். வெளிநாட்டில் துணி வாங்குகிற பையரோடு பேசி ஆர்டர் எடுத்து முடித்துக்கொடுப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், நல்ல பிள்ளை. "எக்கா, ஒரு கார்ட்டூன் படத்துக்குப் பிள்ளைங்க டீசர்ட் வருது. முகம் பிரிண்ட்டு. ஒரு புள்ளி பிசகக் கூடாது, நீங்கதான் பாக்கணும்" என்றார். என்ன படம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் புத்தகத்தின் பெயர்!

அன்றைக்கு வேனில் இருந்து இறங்கி வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். "கண்ணு, உன்ற புத்தகத்தப் படமா எடுக்கறாங்களாமா! கார்ட்டூன் படம்! நம்ம கம்பெனிக்குத்தான் டீசர்ட் வருது!" என்று வாசலில் இருந்தே கத்தினேன். அவள் எழுந்து நின்று, "நெசமாவா? நெசமாவா?" என்று நாலைந்து தடவை கேட்டாள். மறுநாளே சிநேகிதிகளிடம் சொல்லிவிட்டாள். சிநேகிதிகளிடம் மட்டும் இல்லை, வகுப்பு முழுக்க. "படம் வரட்டும், பாருங்க. அதுல ஹீரோயினே என்னை மாதிரிதான்" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே என்னிடம் நடித்துக் காட்டினாள். உலகத்தில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் கன்னத்தில் மச்சம் உள்ள ஒரு பெண்ணைத் தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு தன்னைப் பார்த்தால் யாருக்கும் புதிதாகத் தெரியாது. அவ்வளவுதான் அவள் ஆசை. அதை எண்ணி எண்ணி நாளைக் கடத்தினாள்.

இரண்டு மாதம் கழித்து பிரிண்டிங்கில் இருந்து துணி வந்தது. சட்டையாகத் தைப்பதற்கு முன்னால், வெட்டிய முன்பக்கத் துண்டுகளில் மட்டும் அச்சடித்துக் கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று கூடவே வரும். அந்தச் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அதனோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

நான் சாம்பிளைப் பார்க்கவே இல்லை. எனக்கு எதற்குச் சாம்பிள்? புத்தகத்தையே கரைத்துக் குடித்தவள் நான். முதல் துண்டை விரித்தேன். பறவை இருக்கிறது. அந்தப் பெண் இருக்கிறாள், ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி அழகாக அச்சு விழுந்திருக்கிறது. கன்னம் மொழுக்கென்று இருக்கிறது. அடப்பாவிகளா, மச்சத்தை விட்டுவிட்டார்களே என்று அம்பை எடுத்துக் கன்னத்தில் ஒட்டினேன். அடுத்த துண்டு, அதிலும் இல்லை, ஒட்டினேன். ஒரு கலருக்கான அச்சு ஸ்கிரீனையே மறந்துவிட்டார்கள் போல என்று தீர்மானித்து, நாலு கட்டுக்கும் வரிசையாக அம்பு ஒட்டி, ரெஜிஸ்டரில் ‘கன்னத்தில் மச்சம் விடுபட்டது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அத்தனையையும் பிரிண்டிங்குக்குத் திருப்பி அனுப்பினேன். போனில் அவர்களைப் பிடித்து வேறு காய்ச்சி எடுத்தேன்.

சாயங்காலம் மெர்ச்சன்டைசர் தம்பி ஓடி வந்தார். கையில் சாம்பிள். "என்னக்கா நீங்க? இல்லாத மச்சத்துக்குப் போய் அம்பு ஒட்டியிருக்கீங்க?"

"புத்தகத்துல இருக்குதுங்க தம்பி. அதுதானுங்க கதையே."

"புத்தகத்தையா நாம தைக்கோம்? முகம் சுத்தமா இருக்கணும்னு பையர் தனியா எழுதியே அனுப்பியிருக்கான். பாருங்க."

சாம்பிளை விரித்துக் காட்டினார். மொழுக்கென்ற கன்னம். அச்சுப் பிசகே இல்லை. பிசகியது நான்தான்.

கம்பெனி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரம் ஓயவில்லை. எத்தனையோ டெய்லர்கள் என் அம்புக்குப் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்குப் போனால் ஒருத்தி வெறும் கிளாஸைத் தூக்கிக் காட்டி, "அக்கா, இதுல டீயக் காணோம், அம்பு ஒட்டுங்க" என்றாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு இல்லை. நாலு கட்டையும் திரும்ப வரவழைத்து, ஒட்டிய அம்பையெல்லாம் ஒவ்வொன்றாக நானே உரித்தேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில் இருந்து அத்தனை தடவை அம்பை உரித்தபோது, ஒரு பக்கம் எனக்குக் கர்வமாகவும் இருந்தது. இந்தக் கம்பெனியிலேயே அவளுக்காக மச்சத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவள் தினமும் கேட்டாள், "டீசர்ட் வந்துருச்சாம்மா? எப்பிடி இருக்கா?" என்று. கம்பெனியில் இருந்து ஒரு நூல்கூட வெளியே எடுத்து வரக் கூடாது, படம்கூட எடுக்கக் கூடாது என்று சட்டம் பேசித் தப்பித்துக்கொண்டேன். சட்டையில்தானே இல்லை, படத்தில் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, அதுதான் உண்மை.

படம் தமிழில் டப் ஆகி திருப்பூருக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அவளையும் மூன்று சிநேகிதிகளையும் டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பிறந்தநாளுக்கு எடுத்த பட்டுப்பாவாடையைப் போட்டுக்கொள்ள ஆசை. போட்டுக்கொண்டாள். தலையைப் பின்னால் இழுத்து இரட்டைச் சடை பின்னச் சொன்னாள். முன்னால் ஒரு முடி கன்னத்தில் விழக் கூடாதாம். தியேட்டரில் சிநேகிதிகள் வரிசையாக உட்கார, கடைசியில் அவள், அவளுக்குப் பக்கத்தில் நான்.

படம் ஆரம்பித்தது. வெள்ளம், பறவை, குழந்தை. கன்னத்தில் மச்சம் இருந்தது! எங்கள் வீட்டில் இருக்கிற மாதிரி முரட்டு மச்சம் இல்லை, ரோஜா இதழ் ஒன்று ஒட்டிய மாதிரி சின்னதாக, ஆனாலும் இருந்தது. மூன்று பெண்களும் ஒரே சமயத்தில் என் மகள் பக்கம் திரும்பினார்கள். "ஏய், உன்ன மாதிரியேடி!" என்றாள் ஒருத்தி. என் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருட்டில் அவள் பல் தெரிந்தது. நல்லவேளை சொல்லாமல் இருந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மீதியைச் சொன்னால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. அந்தப் பெரிய பறவை புத்தகத்தில் ஒரு வார்த்தை பேசாது. இவர்கள் அதற்கு வாயைக் கொடுத்து, மூச்சுக்கு மூன்று ஜோக் அடிக்க விட்டிருந்தார்கள். ஆமையைக் காணவே இல்லை. கண்ணாடி செய்கிற கிழவியைச் சூனியக்காரி ஆக்கி, நகம் வளர்த்து, ஒரு பாட்டும் ஆட வைத்துவிட்டார்கள். துடைக்கட்டுமா என்ற கேள்வியும் இல்லை, வேண்டாம் என்ற பதிலும் இல்லை. புத்தகத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமை படித்துப் படித்து நாங்கள் கடந்த காட்டை அந்தப் பெண் பறவை முதுகில் உட்கார்ந்து ஒரே பாட்டில் தாண்டிவிட்டாள். தண்ணீர்த்துளி ஒவ்வொன்றையும் வரைந்திருந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். என்னமாய் வரைந்திருந்தார்கள்! துளிக்குள் வெளிச்சம் நடுங்குவதுகூடத் தெரிந்தது. "அப்பறம் வருமாம்மா, கண்ணாடிக்காரி ஊடு?" என்று மகள் காதில் கேட்டாள். வரும் வரும் என்றேன்.

கடைசியில் மறுபடி வெள்ளம். அந்தப் பெண் ஊரையே காப்பாற்றிவிடுகிறாள். வானத்தில் வெளிச்சம். பறவை இறங்கி வந்து அவள் முன்னால் நிற்கிறது. இறக்கையின் நுனியால் கன்னத்தைத் தொடுகிறது. தொட்டதும் மச்சம் பொன் பொடி மாதிரி உதிர்ந்து காற்றில் பறந்து போகிறது. திரை முழுக்க அவள் முகம். மாசு மறு இல்லாத கன்னம். சட்டையில் நான் பார்த்த அதே முகம்.

தியேட்டரே கை தட்டியது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். சிநேகிதிகள் மூன்று பேரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

இதை இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் என் கையைப் பிடித்துத் தட்ட வைக்கவில்லை. ஊரோடு ஒத்துப்போகத் தட்டினேன் என்று சொல்லலாம், அதுவும் பொய். அந்த மச்சம் உதிர்ந்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குழியில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நாலு கட்டுத் துணிக்கு அம்பு ஒட்டிச் சண்டை போட்டவள், முழு மனசோடு, சத்தம் வருகிற மாதிரி கை தட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் மகள் திரையைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் மடியில் இருந்தன. நான் நிறுத்திவிட்டேன். அதற்கப்புறம் அவளும் மெதுவாகக் கையைத் தூக்கி, என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள்.

திரும்பும்போது சிநேகிதிகள் அவரவர் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டார்கள். வழி முழுக்க அவர்கள் பறவை அடித்த ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், இவளும் கூடச் சிரித்தாள். ஒருத்தி இறங்கிப் போகும்போது, "உனக்கும் இப்பிடியே போயிருச்சுன்னா சூப்பரா இருக்கும்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், அந்தக் குழந்தையைக் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். எனக்குச் சும்மா வர முடியவில்லை.

"என்ன எழவு படம் எடுத்து வெச்சிருக்கறாங்க, கண்ணு! புத்தகத்தையே நாசம் பண்ணிப்போட்டாங்க. கண்ணாடிக்காரியப் போயி…"

"அப்பறம் எதுக்கும்மா கை தட்டுனே?"

"எல்லாரும் தட்டுனாங்கல்ல சாமி, அந்த வேகத்துல…" என்று இழுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நான் அவள் பக்கம்தான் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற அவசரத்தில், கம்பெனியில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மச்சத்தைக் காணோம் என்று நாலு கட்டுக்கும் அம்பு ஒட்டியதை, போனில் சத்தம் போட்டதை, எல்லோரும் சிரித்ததை, டீ கிளாஸை. அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் நின்றுவிட்டாள். "அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சட்டையிலதான் இல்லைன்னு… படத்துல இருக்கும்னு நெனச்சேன் கண்ணு."

"சொல்லியிருந்தா நான் அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன். கணக்கில் போட்ட தப்பைக் காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டு, மடித்து, பீரோவில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அதற்கடுத்த வாரம் தூக்கம் வருகிறது என்றாள். மூன்றாம் வாரம் அவள் கேட்காமலே கண்ணாடிக்காரி வீட்டை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். கிழவிக்கு நல்ல குரலாக எடுத்துவிட்டேன். "அது பழைய கதைம்மா. இப்ப மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டி, ஏனுங்கக்கா நிறுத்திட்டீங்க என்று கேட்டாள். புத்தகத்தை மூடி வைத்தேன்.

படத்தை எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. முடி முடியாக, துளித் துளியாக வரையத் தெரிந்தவர்களுக்கு, ஒரு பெண் பிள்ளையின் கன்னத்தை அது இருந்தபடியே விட்டுவைக்கத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் எங்கேயோ இருக்கிறவர்கள், என் மகளை அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! அவர்களைத் திட்டித் தீர்க்கலாம் என்று எப்போது வாயைத் திறந்தாலும் என் கைதட்டல் சத்தம்தான் முதலில் எனக்குக் கேட்கிறது.

பரீட்சை முடிந்த அன்றைக்கு அவளே வந்து கேட்டாள். "கோயமுத்தூர்ல இதுக்கு லேசர் வெக்கறாங்களாமா. கூட்டிட்டுப் போறியா?"

"எதுக்கு சாமி அதெல்லாம்? நீ இப்பிடியே அழகுதான்" என்றேன். வாய் சொன்னது. அவள் என் முகத்தை, நான் துணியைப் பார்க்கிற மாதிரி, ஓர் ஓரத்தில் இருந்து இன்னோர் ஓரம் வரைக்கும் பார்த்தாள். ஒரு வாரம் விடாமல் கேட்டாள். அப்பாவிடமும் கேட்டாள். புள்ளையே ஆசப்படுது, என்னன்னுதான் கேட்டுட்டு வா என்று அவரும் சொல்லிவிட்டார். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும். பொறுமையாகப் பேசினார். ஒரே தடவையில் போகாது, பல தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் சுரீர் சுரீரென்று வலிக்கும், அப்படியும் முழுக்கப் போய்விடும் என்று சொல்ல முடியாது, மங்கலாம் என்றார். என் மகள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். வலி தாங்கிக்குவேனுங்க என்றாள். டாக்டருக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஸ்கூல்ல யாராவது கிண்டல் பண்றாங்களா பாப்பா?"

"இல்லீங்க."

"கண்ணாடியில பாத்தா உனக்குக் கஷ்டமா இருக்கா?"

"இல்லீங்க. எனக்குப் பழகிருச்சுங்க."

"அப்புறம் ஏன் எடுக்கணும்னு நினைக்கிறே?"

"எடுத்துட்டா எங்கம்மா சந்தோசப்படுவாங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை என்று அந்த நிமிஷமே நான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வருவதற்குள் என் மகள், டாக்டர் பார்ப்பதற்கு வசதியாக, கன்னத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.